எண்ணெய்க் கப்பல்கள் பற்றிய சுவரொட்டி: கொழும்பில் முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

எங்கள் கடலோரத்தை ஒட்டிச் செல்லும் எண்ணெய்க் கப்பல்கள் பற்றிச் சுவரொட்டி அடிக்க நாங்கள் ஆறு பேர் முடிவுசெய்தபோது, இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தோம். மூன்று மாதம் ஆனது. அச்சாகி வந்த முதல் ஐந்நூறு பிரதிகளில் ‘கொழும்பு’ என்ற சொல்லின் கொம்பும் காலும் சிதறிப்போய்க் கிடந்தன. முழுவதையும் கழிவுக் காகிதமாக எடைக்குப் போட்டோம். அந்தப் பணம் ஆறு பேரின் சட்டைப் பையிலிருந்து வந்தது. நீங்கள் அதை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வரையத் தெரியாவிட்டாலும் இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நாங்கள் படத்தில் தொடங்கினோம்; பாதிச் சிக்கல் அதனால்தான் வந்தது.

1. கோரிக்கையை முதலில் எழுதுங்கள்

எங்கள் முதல் வரைவில் ‘எண்ணெய்க் கப்பல் வேண்டாம்’ என்று இருந்தது. வடகொழும்பின் முகத்துவாரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அதைக் காட்டினோம். இரண்டு தடவை வாசித்துவிட்டு, தன் படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் வேறு எதில் வருகிறது என்று கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. அன்று மாலையே அந்த வரியை அடித்துவிட்டோம்.

நம் கடலில் இரண்டு வகை எண்ணெய்க் கப்பல்கள் ஓடுகின்றன. ஒரு வகை நம்மிடம் வருவது. கொழும்புத் துறைமுகத்துக்கும், எரிபொருள் களஞ்சியம் உள்ள முத்துராஜவெலக்கு எதிரே கடலில் கப்பலைக் கட்டும் மிதவைக்கும் வந்து எரிபொருளை இறக்கிவிட்டுப் போகும். இன்னொரு வகை நம்மைக் கடந்து போவது. வளைகுடாவிலிருந்து கிழக்காசியாவுக்குப் போகும் இந்தப் பெரிய கப்பல்கள் இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனைக்குத் தெற்கேயுள்ள கடலைச் சுற்றிப் போகின்றன. இரண்டுக்கும் ஒரே கோரிக்கை பொருந்தாது.

கடந்து போகும் கப்பல்களிடம் நாம் கேட்பது விலகிச் செல்வதை. தெற்குக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் கப்பலில் மோதுண்டு சாவதைத் தடுப்பதற்காக, பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ள வேண்டும் என்று ஆய்வாளர்களும் அமைப்புகளும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே தன் கப்பல்களை அப்படித் திருப்பியது. ஆனால் எல்லாக் கப்பல்களுக்குமான பாதையை மாற்ற, இலங்கை அரசு சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் முன்மொழிவு வைக்க வேண்டும். ஆகவே அந்தச் சுவரொட்டி பேச வேண்டியது அரசிடம்.

நம்மிடம் வரும் கப்பல்கள் விடயத்தில் கேட்க வேண்டியது பாதுகாப்பை: குழாய்களைப் பரிசோதிப்பது, எண்ணெயைச் சுற்றி வளைக்கும் மிதவைத் தடுப்புகளை ஆயத்தமாக வைத்திருப்பது, கசிவு நடந்தால் மீனவர்களுக்கு உடனே அறிவிப்பது. 2018 செப்டெம்பரில் உஸ்வெட்டகெய்யாவ கரையில் எண்ணெய் ஒதுங்கியது, முத்துராஜவெலக்கு எண்ணெய் இறக்கும் குழாய் கசிந்ததால்தான். தூரக் கடலில் போன எந்தக் கப்பலும் அதற்குக் காரணம் அல்ல.

ஒரு சுவரொட்டியில் ஒரு கோரிக்கை, ஒரே ஒருவரை நோக்கி. இரண்டு கோரிக்கை இருந்தால் இரண்டு சுவரொட்டி செய்யுங்கள். அந்த வரியை ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிட்ட பிறகே கணினியைத் திறவுங்கள்.

2. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காகிதம்

மிக அதிகமாக நடக்கும் தவறு இது: எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரியும் படத்தைப் போட்டு, மேலே ‘எண்ணெய்க் கப்பல்’ என்று எழுதிவிடுவது. அது கொள்கலன் கப்பல். 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் அதில் தீப்பிடித்தது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. நீர்கொழும்பிலும் அதற்கு அப்பாலும் கரையில் குவிந்தவை பிளாஸ்டிக் மணிகள். கடலோர மக்கள் பட்ட துன்பம் உண்மை, ஆனால் அது வேறு சுவரொட்டிக்கான விடயம். பிழையான கப்பலைப் போட்டால், எதிர்த்தரப்பு அந்த ஒரு பிழையைக் காட்டியே உங்கள் முழுக் கோரிக்கையையும் தள்ளிவிடும்.

எண்ணெய்க் கப்பலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் எம்.டி. நியூ டயமண்ட் இருக்கிறது. 2020 செப்டெம்பர் 3 அன்று, குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு (சுத்திகரிக்காத) எண்ணெயுடன் போய்க்கொண்டிருந்தபோது, நம் கிழக்குக் கரையிலுள்ள சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் அதில் தீப்பிடித்தது. ஒரு மாலுமி உயிரிழந்தார். இங்கேயும் தவறு செய்யும் ஆபத்து உண்டு: அந்த 270,000 தொன் கடலில் கொட்டவில்லை. கடலில் பரவியது கப்பலின் சொந்த எரிபொருள். ‘270,000 தொன் கொட்டியது’ என்று எழுதினால் பொய். ‘270,000 தொன் நம் கரைக்கு அப்பால் எரியும் கப்பலில் இருந்தது’ என்று எழுதினால் உண்மை. வாசிப்பவர் வயிற்றைக் கலக்க அது போதும்.

கடல் மைலையும் தரை மைலையும் குழப்பாதீர்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். 15 கடல் மைல் என்றால் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். கடலுக்குப் போகாதவர்களுக்கான சுவரொட்டியில் கிலோமீற்றரையே போடுங்கள்.

நாளொன்றுக்கு இத்தனை கப்பல்கள் என்று சமூக ஊடகங்களில் ஓடும் எண்களைக் காகிதம் கையில் இல்லாமல் அச்சிடாதீர்கள். காகிதம் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை; பிரதி எடுக்கும் செலவு மட்டும் கேட்கப்படலாம். தருவதா இல்லையா என்று முடிவுசெய்ய அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு. முடிவுக்குப் பிறகு கைக்கு வரவும் நாட்கள் எடுக்கும். போயா விடுமுறைகளையும் சேர்த்து ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள். விண்ணப்பத்தை ஒப்படைத்ததும் எழுத்திலான அத்தாட்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அதை வாங்காமல் வந்து, எங்கள் கடிதம் வரவே இல்லை என்ற பதிலை மூன்று வாரம் கழித்துக் கேட்டோம்.

3. படம்

எண்ணெயில் தோய்ந்த பறவையைப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பறவை நம் கரையில் இல்லாத பறவை. பார்ப்பவருக்கு அது வேறு நாட்டுச் செய்தி. காலி முகத்திடலில் மாலையில் நின்ற எவருக்கும், கரையோர ரயிலில் வெள்ளவத்தையைத் தாண்டிய எவருக்கும் அடிவானத்தில் வரிசையாக நிற்கும் கப்பல்களைத் தெரியும். அந்த ஒரு கோட்டை வரையுங்கள். கோட்டுக்குக் கீழே ஒரு வள்ளம், ஒரு வலை, கால் நனைக்கும் ஒரு பிள்ளை. எண்ணெய் என்ற சொல்லே இல்லாமல் படம் பேசிவிடும்.

புகைப்படம்தான் வேண்டுமென்றால், எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பத்திரிகைகளிலும் கடற்படை, விமானப்படை வெளியீடுகளிலும் வந்த படங்கள் இணையத்தில் கிடக்கின்றன என்பதற்காக அவை பொதுச் சொத்து ஆகிவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவற்றையும் காக்கிறது. மின்னஞ்சலில் வந்த ஒரு வரிச் சம்மதம்கூடப் போதும். அதை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். மீனவர் முகம் தெரியும் படமென்றால் அவருடைய சம்மதமும் வேண்டும். பிள்ளையின் முகமென்றால் வேண்டவே வேண்டாம்.

4. தமிழைக் கடைசியில் ஒட்டவைக்காதீர்கள்

கொழும்பில் மும்மொழிச் சுவரொட்டி எப்படிப் பிறக்கிறது என்று நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் யோசிப்பார்கள், சிங்களத்தில் அழகாக எழுதுவார்கள், மிஞ்சிய இடத்தில் தமிழைச் சிறிய எழுத்தில் திணிப்பார்கள். அந்தத் தமிழையும் கைத்தொலைபேசி மொழிபெயர்த்திருக்கும். முகத்துவாரத்திலிருந்து நீர்கொழும்பு வரை கடலை நம்பி வாழும் மக்களில் தமிழில் வாசிப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் பேசாத சுவரொட்டி யாருக்காக?

வேலைக்கும் இது நல்லது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. தமிழ் வரி அழகாக அமரும் இடத்தை முதலில் ஒதுக்கினால் மற்ற இரண்டும் தாமாக அமர்ந்துவிடும்.

சொல் தேர்வில் ஒன்றைக் கவனியுங்கள். ‘தாங்கி’ என்றால் பலருக்குத் தண்ணீர்த் தாங்கி. ‘டேங்கர்’ என்றால் வீதியில் போகும் எரிபொருள் பவுசர். ‘எண்ணெய்க் கப்பல்’ என்றே எழுதுங்கள். ‘எண்ணை’ என்று எழுதிவிடாதீர்கள். ‘கசிவு’ என்றால் போதும். ‘கசிவு அனர்த்த நிகழ்வு’ போன்ற அலுவலகத் தமிழ் சுவருக்கு ஆகாது.

இனி எங்கள் ஐந்நூறு பிரதிகளைக் கொன்ற விடயம். பழைய அச்சகக் கணினிகளில் பாமினி எழுத்துரு இருக்கும். உங்கள் கணினியில் யூனிகோட் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. யூனிகோட்டில் எழுதியதன் எழுத்துருவை மட்டும் பாமினி ஆக்கினால் எழுத்துகள் குப்பையாகிவிடும். யூனிகோட்டாகவே திறந்தாலும், வடிவமைப்பு மென்பொருள்களான இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகியவற்றில் இந்திய மொழிகளுக்கான தெரிவு இயக்கப்பட்டிருக்காவிட்டால் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும். இன்டிசைனில் அதன் பெயர் ‘வேர்ல்ட்-ரெடி கொம்போசர்’. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இந்தத் தொல்லை எனக்கு வந்ததில்லை. முதன்முறை செய்பவர்களுக்கு அதையே சொல்வேன். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் ஆகியவை இலவசம். சிங்களத்துக்கு அபய லிப்ரே.

கோப்பை அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் எல்லா எழுத்துகளையும் ‘கேர்வ்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றுங்கள். அதன்பின் எந்தக் கணினியிலும் எழுத்து மாறாது. மாற்றிய கோப்பில் எழுத்துப் பிழை திருத்தவும் முடியாது. ஆகவே மாற்றாத மூலக் கோப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டே இதைச் செய்யுங்கள்.

பிறகு ஒரு தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போய் வாசியுங்கள். இந்த வேலையில் சம்பந்தப்படாத, தமிழ் மட்டுமே வாசிக்கும் ஒருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கிய சொல்லை மாற்றுங்கள். அவருக்கு விளக்கம் சொல்லாதீர்கள். சுவர் அருகே நீங்கள் நின்று விளக்கப் போவதில்லை.

5. அளவு, நிறம், கோப்பு

அறிவித்தல் பலகைகளுக்கு ஏ3 போதும்: 297 × 420 மி.மீ. வீதிச் சுவருக்கு ஏ2. படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் வையுங்கள். ஏ3 என்றால் 3508 × 4961 புள்ளிகள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் இதற்குப் போதாது. நாற்புறமும் வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். கோப்பு பி.டி.எப்.ஆக, சி.எம்.வை.கே. (அச்சகத்தின் நான்கு மை நிறங்கள்) நிறங்களில் இருக்கட்டும். திரையில் ஒளிரும் கடல் நீலம் தாளில் மங்கிப்போகும். அதைப் பார்த்து அச்சகத்துடன் சண்டை பிடிக்காதீர்கள்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். ஒப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு வேண்டும். முழு வண்ணம் என்றால் நான்கு தகடுகள். மூன்று மொழிக்கு மூன்று தனிச் சுவரொட்டி என்றால் பன்னிரண்டு தகடுகளுக்குக் காசு போகும். அதற்குப் பதிலாக, படம் முழுவதையும் நீலத்தில் வரையுங்கள். எழுத்து முழுவதையும் கறுப்பில் வையுங்கள். நீலத் தகடு மூன்று மொழிக்கும் பொது. கறுப்புத் தகடு மட்டும் மொழிக்கு ஒன்று. மொத்தம் நான்கு தகடுகள். எங்கள் இரண்டாவது முயற்சியை இப்படித்தான் செய்தோம். முதலாவதை விட அழகாகவும் இருந்தது: நீலக் கடல், அதன் மேல் கறுப்பு எழுத்து. அந்தக் கறுப்பு தனிக் கறுப்பாக இருக்க வேண்டும். கோப்பில் நான்கு நிறமும் கலந்த கறுப்பாக இருந்தால் கணக்குக் குழம்பிவிடும்.

6. அச்சகமும் செலவும்

மருதானை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் நடந்தே மூன்று அச்சகங்களில் விலை கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் விலை எழுத்தில் வரும்போது மாறும். தாளின் விலை அடிக்கடி ஏறி இறங்குவதால், போன ஆண்டு இன்னொருவர் கொடுத்த தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விலை மனுவில் தாளின் வகையும் எடையும், தகட்டுக் கூலி, வெட்டும் கூலி, பிரதிகளின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் தேதி, விலை எத்தனை நாள் செல்லும் என்பது எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். பெறுமதி சேர் வரி 18 வீதம் அதற்குள் அடக்கமா என்று கட்டாயம் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, கடைசி நாளில் அந்தத் தொகைக்காக ஓடினோம்.

சில நூறு பிரதிகள்தான் என்றால் டிஜிட்டல் அச்சு மலிவாக வரலாம். ஆயிரத்தைத் தாண்டினால் ஒப்செட். இரண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள். பாதியை முற்பணமாகக் கேட்பது வழக்கம். பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன் மாதிரிப் பிரதியில் நீங்கள் ஒப்பமிட வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் முதல் அச்சகத்தில் அந்த வரி இல்லை. ஆகவே சிதறிய எழுத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

பசை தடவி ஒட்டுவதற்குப் பளபளப்பான ஆர்ட் தாள் வேண்டாம், ஈரத்தில் சுருளும். பூச்சு இல்லாத சாதாரணத் தாள் சுவரோடு பிடித்துக்கொள்ளும். பலகையில் குத்துவதற்கு மட்டும் ஆர்ட் தாள். ஃபிளெக்ஸ் பதாகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடலில் பிளாஸ்டிக் சேர்வதைப் பற்றிக் கவலைப்படும் நாமே பிளாஸ்டிக்கைத் தொங்கவிடுவது சரியல்ல.

7. அனுமதிகள்

பொதுச் சுவர், பஸ் தரிப்பிடம், மின்கம்பம், மரம் எதிலும் அனுமதியின்றி ஒட்டாதீர்கள். மாநகர சபை ஊழியர்கள் மறுநாளே கிழிப்பார்கள், பொலிஸ் விசாரணையும் வரலாம். மாநகர சபை எல்லைக்குள் என்றால் நகர மண்டபத்தில் எழுத்தில் விண்ணப்பியுங்கள். சுவரொட்டியின் மாதிரி, ஒட்டும் இடங்களின் பட்டியல், தொடங்கும் நாளும் அகற்றும் நாளும், பொறுப்பாளரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். கட்டணமும் வைப்புப் பணமும் எவ்வளவு என்று அச்சடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லையில் ஏமாறாதீர்கள். களனி ஆற்றைத் தாண்டி வத்தளை, ஹேகித்தை, திக்கோவிட்டப் பக்கம் போனால் கொழும்பு மாநகர சபையின் அனுமதி செல்லாது. தெற்கே வெள்ளவத்தையைத் தாண்டினால் தெஹிவளை-கல்கிசை மாநகர சபை. ரயில் நிலையத்துக்குப் புகையிரதத் திணைக்களம். கடற்கரையில் பலகை நடுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும்.

இந்த அலைச்சல் இல்லாத வழியும் உண்டு. தனியார் சுவரென்றால் உரிமையாளரின் ஒரு வரிக் கடிதம் போதும். தேவாலயம், கோயில், பள்ளிவாசல், மீனவர் சங்கம், வாசிகசாலை ஆகியவற்றின் அறிவித்தல் பலகைகள் இன்னும் நல்லவை. முகத்துவாரத்தில் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு அந்தப் பலகை முன் நின்று வாசித்தவர்கள், வீதிச் சுவரில் வாசித்தவர்களைவிட அதிகம். பங்குத்தந்தையை நேரில் போய்ப் பாருங்கள். கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

சுவரொட்டிகளைக் கையில் ஏந்தி ஊர்வலம் போவதாக இருந்தால், பொலிஸ் கட்டளைச் சட்டப்படி, தொடங்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். நீங்கள் ஆறு மணி நேரம் வரை காத்திருக்காமல் மூன்று நாள் முன்னதாகவே கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

8. எப்போது

மே மாதத்தில் வெசாக் வேலைகளும் தென்மேல் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. ஏப்ரல் நடுவில் புத்தாண்டுக்காகத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். டிசம்பரில் நாட்காட்டி அச்சிடும் வேலை அச்சகங்களை நிறைத்துவிடும். தேர்தல் அறிவித்துவிட்டால் உங்கள் வேலை வரிசையின் கடைசிக்குப் போகும். சுவரொட்டி ஒட்டுவதும் சிக்கலாகும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை ஒட்டியதையெல்லாம் உரித்துவிடும்.

எனக்குப் பொருத்தமாகத் தெரிவது நியூ டயமண்டில் தீப்பிடித்த செப்டெம்பர் 3. ஜூலை, ஓகஸ்டில் கொழும்பில் மழை ஒப்பீட்டளவில் குறைவு. தகவல் விண்ணப்பத்தை ஜூன் முதல் வாரத்தில் கொடுங்கள். ஜூலையில் வாசகமும் படமும். ஓகஸ்ட் முதல் வாரம் விலை மனுவும் அனுமதி விண்ணப்பங்களும். மூன்றாம் வாரம் அச்சு. ஒரு வாரத்தை வெறுமனே விட்டுவையுங்கள்; அது நிச்சயம் தேவைப்படும்.

9. ஒட்டுவதும் அகற்றுவதும்

கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசையே போதும். முதலில் சுவரில் தடவி, தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் அழுத்துங்கள். அதிகாலையில் ஒட்டினால் வெயிலில் நன்றாகக் காயும். இரண்டிரண்டு பேராகப் போங்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒவ்வொரு சோடியிடமும் இருக்க வேண்டும். எங்கள் சோடி ஒன்றை அதிகாலை ஐந்து மணிக்குப் பொலிஸார் நிறுத்தினர். கடிதத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டனர்.

ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சொன்ன நாளில் நீங்களே அகற்றுங்கள். வைப்புப் பணம் கட்டியிருந்தால் திரும்பப் பெற அந்தப் படங்களும் கட்டிய பற்றுச்சீட்டும் தேவைப்படும். மூன்று மொழியிலும் பத்துப் பத்துப் பிரதிகளை மடிக்காமல் எடுத்து வையுங்கள். கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் வணிகக் கப்பல் துறைச் செயலகத்துக்கும் கடிதத்தோடு ஒவ்வொன்றைக் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்குங்கள். மாற்றாத மூலக் கோப்பு உங்கள் குழுவில் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும்.